திருத்திய கையெழுத்து

முப்பது வருஷமாகக் கடைப் பலகை எழுதுகிறேன். யார் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும், அச்சு அசலாய் இறக்கிவிடுவேன். இந்தப் பீற்றலைக் கேட்டுக் கேட்டு என் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

போன மாதம் அவளுடைய சித்தி காலமானார். பிள்ளைகள் இல்லை. கடைத்தெருவில் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தை இவள் பேருக்கு எழுதிவைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதுவரை எல்லாமே ‘நம்ம’தான்: நம்ம அடுப்பு, நம்ம ஓட்டை வாளி, நம்ம தலையெழுத்து. அன்று வக்கீல் கடிதத்தை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“என் சித்தி எனக்குக் குடுத்தது. என்ன பண்றதுன்னு நிதானமா யோசிக்கணும்.”

“யோசி, யோசி” என்று சிரித்தேன். ஆனால் அந்த ‘எனக்கு’ முள்ளாய்த் தைத்துவிட்டது. இத்தனை நாள் சோறு போட்டவன் நானல்லவா என்று பொருமினேன். தையல் கூடத்தில் அவள் முதுகு ஒடியச் சம்பாதித்ததை வசதியாக மறந்தேன்.

நாலாம் நாள், பாதிக் கட்டடத்தைக் கணவனுக்குத் தர முழுச் சம்மதம் என்று நானே ஒரு தாள் எழுதி, அவள் கையெழுத்தைப் போட்டு வக்கீலிடம் கொடுத்தேன். வெட்கமில்லாமல் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் வக்கீல் இருவரையும் கூப்பிட்டார். தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“இது நீங்க போட்டதாம்மா? உங்க கடைசி எழுத்து எப்பவும் கோட்டுக்குக் கீழ சரிஞ்சிருக்கும். இதுல நிமிர்ந்து நிக்குது. நீங்க போடலைன்னா விஷயம் போலீசுக்குப் போகும்.”

கோணல் எழுத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. திருடப் போன இடத்திலும் தொழில் பார்த்திருக்கிறேன்.

அவள் தாளையே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“நான் போட்டதுதான் சார்.”

“அப்ப இந்தத் தாள்ல இன்னொரு தடவை போடுங்க.”

பேனாவை எடுத்தாள். நொடியில் ஊசி கோக்கிற விரல்கள், என் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக வரைந்தன. வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொந்தப் பேரை எழுத என் மனைவி என் திருட்டிலிருந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

நான்தான் போட்டேன் என்று வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தக் கடைசி எழுத்து நிமிர்ந்துவிட வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.