பீன்ஸில் ஒரு கரண்டி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. வெர்னா சிரித்தது ஆப்பிள் பை பரிமாறியதற்கு முன்னாலா பின்னாலா என்பதில் எனக்கும் லோரீனுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கோபத்தோடு ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைத்தால் அதன் ஓரங்கள் தேய்ந்துவிடுகின்றன. நடுப்பகுதி மட்டும் தேயவில்லை.

மான் வேட்டை தொடங்கியதும் வரும் ஞாயிறு, தேவாலயம் முடிந்து எல்லோருக்கும் என் அண்ணன் ஹாலிஸ் வீட்டில்தான் சாப்பாடு. மேசையில் மான் கறி. என் மனைவி லோரீனுக்கு அது ஆகாது. முந்தின கோடையில் வேலியோரம் பெர்ரி பறிக்கப் போனவளை உண்ணி கடித்தது. முதுகில் வெள்ளைப் புள்ளி உள்ள இனம். அதிலிருந்து மாடு, பன்றி, மான் எதைத் தின்றாலும் அவளுக்கு உடம்பெல்லாம் தடிக்கும். ஒருமுறை மூச்சே அடைத்தது. உண்ணிக்கடிதான் காரணம் என்றார் மருத்துவர். எங்கள் ஓசார்க் மலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கால்சட்டையைக் கழற்றும்போதே உண்ணியையும் கிள்ளிப் போடுகிற ஜனங்கள் நாங்கள்.

“உனக்குன்னு தனியா கோழி வறுத்திருக்கேன், லோரீன். பீன்ஸ்லயும் கறி இல்ல, நம்பிச் சாப்பிடு,” என்றாள் ஹாலிஸின் மனைவி வெர்னா.

“கறி இல்லாட்டி மட்டும் போதாது, வெர்னா. கொழுப்பும் கூடாது.”

“தெரியும்மா, தெரியும். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

லோரீன் பீன்ஸை மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டு அடுப்போரத்திலும் ஒரு காபி டப்பா இருக்கும். பன்றி வறுத்த கொழுப்பை அதில் ஊற்றி வைப்பார்கள். வெர்னா அதைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துச் சிரித்தாள்.

“எல்லாரும் பாத்துக்கோங்க. பீன்ஸ்ல இது ஒரு கரண்டி போட்டேன். மகாராணி ரெண்டு தட்டு தின்னாச்சு. ஒரு தடிப்பு வந்துச்சா?”

ஹாலிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தான். “மாட்டினடா டெல்பர்ட்! இனிமே உன் பொண்டாட்டிக்கும் சேத்து மான் சுடணும்.”

நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது. “கொலகாரி” என்று நான் கத்தியதாக லோரீன் சொல்கிறாள். கத்தியிருப்பேன்.

“என்னத்தக் கொன்னுட்டேன்? கல்லு மாதிரி உக்காந்திருக்கா,” என்றாள் வெர்னா.

“உடனே வராது,” என்றாள் லோரீன். குரலை உயர்த்தவில்லை. “சாயங்காலம் வரும். டெல்பர்ட், வண்டிய எடு. வெர்னா, நீயும் வா.”

“நான் எதுக்கு?”

“சோதன பண்ணினவ நீதான? முடிவ இருந்து பாரு. பயமா இருக்கா?”

அந்த வார்த்தை வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

மலைச்சாலையில் வேகமாக ஓட்டினேன். மருத்துவமனை வாசலில் நிறுத்தினேன். உள்ளே போகலாம் என்றதற்கு லோரீன் தலையசைத்து மறுத்தாள். “போன தடவ தடிப்பு வர்றதுக்கு முன்னாடி வந்தோம். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.” மூச்சடைத்தால் உடனே போட மருத்துவர் கொடுத்திருந்த ஊசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன் இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வெர்னா.

“இந்தக் கூத்துக்கு இன்னிக்கு ஃபுட்பால் ஆட்டமும் போச்சு,” என்றாள் வெர்னா. கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்தது.

வெளிச்சம் மங்கும்போது லோரீன் உள்ளங்கையைச் சொறியத் தொடங்கினாள். உதடு வீங்கியது. வெர்னாவின் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். “தொட்டுப் பாரு. நாடகமா?” குரல் தொண்டைக்குள்ளேயே சிக்கியது.

நான் ஊசியை லோரீனின் தொடையில் அழுத்தினேன். தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். வெர்னா பின்னாலேயே வந்தாள்.

“என்ன சாப்பிட்டாங்க?” என்று நர்ஸ் கேட்டாள்.

“பீன்ஸ். வெறும் பீன்ஸ்தான்,” என்றாள் வெர்னா.

அப்போதும்.

“சொல்லு,” என்றேன். என் குரலுக்குக் காத்திருப்பு அறை முழுவதும் திரும்பியது.

“கொழுப்பு போட்டேன்,” என்றாள் தரையைப் பார்த்து.

லோரீன் பிழைத்தாள். இன்றும் அவள் கறி சாப்பிடுவதில்லை. நாங்கள் பிறர் வீட்டில் எதுவும் சாப்பிடுவதில்லை. ஹாலிஸ் இன்னும் வேட்டைக்குப் போகிறான், நான் போவதில்லை. வெர்னா போன குளிர்காலத்தில் மாரடைப்பில் இறந்தாள். கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. லோரீன் அடக்கத்துக்கு வந்தாள், அதற்குப் பின் நடந்த சாப்பாட்டுக்கு வரவில்லை. நான் போனேன், எதையும் தொடவில்லை. டப்பா அடுப்போரத்தில்தான் இருந்தது.