காதுக்கு மட்டும்

இரண்டாம் பாட்டின் நடுவில் என் காதுக்கருவி செத்தது. பேட்டரி. ஆராதனை மேடையில் நாங்கள் ஐந்து பேர் பாடுகிறோம். அவரவர் குரல் அவரவருக்குக் கேட்க ஆளுக்கொரு கருவி. கூடத்தின் கடைசியில் ஒலி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் என் மனைவியின் அண்ணன். அவனோடு பேச்செல்லாம் கையில்தான். நெஞ்சைத் தொட்டு விரலை உயர்த்தினால் என் குரலைக் கூட்டு என்று அர்த்தம். நான் விரலை உயர்த்தும்போதெல்லாம் முன்வரிசைப் பெண்களும் கைகளை உயர்த்துவார்கள். பரவசம் என்று நினைப்பு. "உனக்கு ஏத்தி ஏத்தியே என் விரல் தேஞ்சுபோச்சு மாப்ள" என்பான் மச்சான்.

கருவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்து பாடினேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக, கூடத்தில் ஒலிப்பதை நேராகக் கேட்டேன். நான்கு குரல்கள். என்னுடையதைத் தேடினேன். உச்சத்தில் கழுத்து நரம்பு புடைக்க இழுத்தேன். பிறகு வாயை மூடிப் பார்த்தேன். பாட்டில் ஒன்றும் குறையவில்லை.

போதகர் ஜெபத்தைத் தொடங்கி எல்லோரும் கண்ணை மூடியதும் சுவரோரமாக ஒலி மேசைக்குப் போனேன். மேசையில் என் பெயர் ஒட்டிய இடத்தில் மேலும் கீழும் தள்ளும் பொத்தான்கள் இரண்டு. என் காதுக்கானது உச்சியில் நின்றது. கூடத்துக்கானது அடியில் கிடந்தது, மேலே தூசி.

"என்ன மாப்ள, பேட்டரியா?"

"எத்தனை நாளா?"

"மெதுவா பேசு. ஜெபம் நடக்குது."

"எத்தனை நாளா மச்சான்?"

என் கையிலிருந்து கருவியை வாங்கிப் பழைய பேட்டரியை எடுத்தான். "ரெண்டு வருஷம் இருக்கும். உனக்கு சுதி நிக்கல. மத்தவங்களையும் இழுத்துட்டுப் போச்சு. பாஸ்டர் உன்னை மேடையவிட்டே எறக்கச் சொன்னாரு."

"எறக்கியிருக்க வேண்டியதுதானே?"

"தங்கச்சிதான் வேணாம்னா. அவரு பாட்டுக்குப் பாடட்டும்ணே, யாருக்கும் கேக்காம பண்ணிடுன்னா."

இரவு ஷிப்ட் முடித்து வந்தால் ஞாயிறு காலை தொண்டை கட்டிக்கொள்கிறது என்று போன வருடம் கிடங்கு வேலையை விட்டேன். "விட்டுடுங்க, குரல் முக்கியம்" என்றவள் அவள். ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பும் வழியில், "இன்னைக்கு உங்க குரல் தனியாத் தெரிஞ்சுதுங்க" என்பவளும் அவள்தான்.

"போ மாப்ள, கடைசிப் பாட்டு. முடிஞ்சதும் பேசிக்கலாம்." புது பேட்டரி போட்ட கருவியை என் காதில் அவனே பொருத்திவிட்டான்.

மேடை ஏறினேன். பாட்டு தொடங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சைத் தொட்டு விரலை உயர்த்தினேன். மச்சான் பழக்கத்தில் தலையாட்டிப் பொத்தானைத் தள்ளினான். காதில் என் மூச்சு பெரிதானது. இன்னும் என்று காட்டினேன். இன்னும் ஏற்றினான். மூன்றாம் வரிசையில் இருந்து என் மனைவி என் மூடிய வாயைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முன்வரிசைப் பெண்களோடு சேர்ந்து, தானும் கைகளை உயர்த்தினாள்.