எட்டாவது ஸ்டேஜில் போன கரண்ட்

“வௌவால் வந்தா குதிக்கக் கூடாதுலே, குனியணும்! எத்தன தடவ சொல்லுதேன்?”

பதின்மூன்று வருடம் கழித்தும் ஜெஸ்வின் அதே மாதிரிதான் கத்தினான். பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. சென்னையிலிருந்து ஆபீஸ் ஆட்களோடு குற்றால சீசனுக்கு வந்தவன், ஐந்தருவியில் குளித்த கையோடு ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வாடகை பைக்கில் தென்காசியில் என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டான். நான்தான் கூப்பிட்டிருந்தேன். சின்ன வயதில் ஆடிய டிவி கேம் ஒரு சாக்கு. அவனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

அந்த கேமின் மஞ்சள் கேசட்டைத் தேடிப் பிடிக்கவே இரண்டு வருடம் ஆனது. வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்றே உயிர். சேவ் கிடையாது. கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் கரண்ட் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. அதற்குள் எட்டு ஸ்டேஜ். எங்கள் தெருவில் ஒருத்தனும் முடித்ததில்லை.

அவன் சென்னைக்குக் குடிபோவதற்கு முந்தின நாள், இரண்டு உயிரை நான் தொலைத்தேன். கடைசி உயிரில் அவன் எட்டாவது ஸ்டேஜ் வரை போனான். அதன் முடிவில் வரும் ராட்சசனுக்கு இன்னும் ஒரே அடி. கரண்ட் போய்விட்டது.

இன்றும் அப்படியே. நான் இரண்டு உயிரைத் தொலைத்தேன், ஜாய்ஸ்டிக் அவன் கையில், ராட்சசனுக்கு ஒரே அடி பாக்கி.

“ஜெஸ்வின், அன்னைக்குக் கரண்ட் போகலலே. தண்ணி குடிக்கப் போனேம்லா... நாந்தான் மெயின ஆஃப் பண்ணுனேன். நீ மட்டும் ஜெயிச்சிட்டுப் போயிருவியேன்னு.”

அவன் திரும்பவில்லை. ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அமுக்கினான்.

“தெரியும். பக்கத்து வீட்டுச் சொக்கம்மா அத்த கிரைண்டர் ஓடிக்கிட்டுல்லா இருந்துச்சு.”

கரண்ட் போனால் தெருவுக்கே போகும். பதின்மூன்று வருடமாக அது எனக்கு உறைக்கவே இல்லை.

“பின்ன ஏன்லே கேக்கல?”

“நீயே போனப் போட்டுச் சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. இன்னைக்கும் வந்ததுலேருந்து ஒரு மணி நேரம் சும்மாதான இருந்த? நான் ஜெயிக்கப் போற நேரம் பாத்துத்தான் ஒனக்கு வாயி தொறக்கு, என்னா?”

“ஐயோ, அப்படி இல்லலே...”

“நீயே அடிச்சுக்கோ ஹரி.”

ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

ராட்சசன் அப்படியே நிற்கிறான். அடாப்டர் கொதிக்கிறது. ஒரே அடிதான், எனக்கே அடிக்கத் தெரியும். அடித்துவிடவா, இல்லை அவன் வருவான் என்று அணைக்காமல் இப்படியே விட்டு வைக்கவா? சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?