ஓரத்து நாலு வரிசை

அந்த வருடம் பிரான்சின் லுவார் ஆற்றங்கரை மேட்டில் மழை விட்டபாடில்லை. ஜூன் பிறந்தும் திராட்சை இலைகள் காயவே இல்லை; இலைக்கடியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. பெரீனின் கணவன் லூக்குக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு, குனியக்கூட முடியவில்லை. காஞ்சொறிக் கஷாயத்தையும், இயற்கை விவசாயத்துக்கு அனுமதித்த அளவுக்குள் மயில்துத்தக் கரைசலையும் முதுகில் சுமந்து வரிசை வரிசையாகத் தெளித்தவள் பெரீன்தான். அவள் பிடிவாதத்தைப் பார்த்துப் பூஞ்சைக்கே அலுத்திருக்கும்.

பக்கத்துத் தோட்டக்காரர் காஸ்தோனுக்கு இவர்களைக் கேலி செய்யாவிட்டால் மத்தியானச் சாப்பாடு செரிக்காது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்துவைப்பதும், வசந்தத்தில் எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளிப்பதும் அவருக்கு வெறும் மாந்திரீகம். ஆனாலும் அந்த வீட்டு ஒயினை அவர் ஒருநாளும் வேண்டாமென்றதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரீனின் தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்காகக் குடும்பமே தூர் நகரத்துக்குப் போயிருந்தது. மறுநாள் காலை மேட்டுத்துண்டில் கால் வைத்ததும் பெரீனின் மூக்கில் மருந்து நெடி ஏறியது. எல்லையோரத்தில் அவளுடைய நாலு வரிசையிலும் இலையெல்லாம் மருந்துத் திட்டு, நடுவே டிராக்டர் தடம். எல்லைக்கல்லுக்கு அப்பால் காஸ்தோன் சிரித்த முகமாக நின்றார்.

"டேங்குல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. பாவம், ஒத்தையாளா மல்லாடுறியேன்னு உனக்கும் அடிச்சுவிட்டேன். யாருக்கும் தெரியாது, பயப்படாத."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மனுஷனைத் திட்டவும் வாய் வரவில்லை. அந்த வீட்டின் பேர்சொல்லும் ஒயின் அந்தத் துண்டில்தான் விளைகிறது. அங்கே ரசாயனம் விழுந்தது வெளியே வந்தால், இயற்கை விளைச்சல் என்ற சான்றிதழை அந்தத் துண்டு இழந்துவிடும். திரும்பப் பெற மூன்று வருடம் ஆகும்.

மழை கழுவியிருக்கும், சோதிக்க வருகிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று லூக் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"அப்புறம் அந்த பாட்டிலைத் தொறந்து ஊத்துறப்போ, குடிக்கிறவங்க மூஞ்சியை எப்படிப் பாப்பேன் லூக்?"

அவனே போனை அவள் பக்கம் நகர்த்தினான். எனக்கு இவர்களைப் பிடித்துப்போனதே இதனால்தான். பக்கத்திலிருந்து மருந்து விழுந்துவிட்டது என்று பெரீன் சான்றிதழ் தரும் அலுவலகத்துக்குச் சொன்னாள். காஸ்தோனின் பேரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. சான்றிதழ் போயிற்று.

ஊரில் செய்தி பரவியதும் காஸ்தோன் எல்லைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ரொட்டிக்கடையில் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டார். கோபம் போலிருக்கிறது என்று பெரீன் நினைத்தாள். ஜூலையில் அவருடைய ஓரத்து நாலு வரிசை பழுப்பேறியது. ஆகஸ்டில் இலை கொட்டி, காய் சுருங்கிக் கருகியது. அதற்கு அடுத்த வரிசையிலிருந்து எல்லாம் பச்சைப்பசேலென்று நின்றன.

அறுவடையன்று காஸ்தோனின் ஆட்கள் அந்த நாலையும் தாண்டிப் போனார்கள். பெரீனுக்குப் பொறுக்கவில்லை. எல்லைக்கல்லைக் கடந்துபோய், இது என்ன கோலம் என்று கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கிலேர்ந்து இந்த நாலுக்கும் நான் எதுவும் அடிக்கல. காத்து உன் பக்கம்தானே வீசுது."

பெரீன் கருகிய கொத்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு இலை வாடினாலும் தூங்காத மனுஷன், ஊர் சிரிக்க நாலு வரிசையைச் சாகவிட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"மறுபடியும் கேக்காம ஒரு காரியம் பண்ணிட்டீங்களே, காஸ்தோன். சொல்லியிருந்தா அதுக்கும் சேத்துக் கஷாயம் அடிச்சிருப்பேன்ல?"

அந்த இலையுதிர்காலத்தில் கொம்பு புதைக்கும் நாளில் முதல் ஆளாக மண்வெட்டியோடு வந்தவர் காஸ்தோன். இதெல்லாம் மாந்திரீகம்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே குழி தோண்டினார். ஆழம் போதுமா என்று மட்டும் பெரீனிடம் இரண்டு தடவை கேட்டார்.