பலகையின் நான்காவது வரி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மலைப்பக்கம் சுற்றுலா போயிருக்கும் என் தம்பி, குடும்பக் குழுவில் நேற்று போட்ட ஒரு படத்திலிருந்து திருடியது. படத்தில் அவன் மனைவி வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். அவள் தோளில் ஒரு குரங்கு பாதி ஏறியிருக்கிறது. அதன் ஒரு கை அவளுடைய கூலிங்கிளாஸில். படத்துக்குக் கீழே தம்பி எழுதியிருந்தான்: 'சத்தியமா செட்டப் இல்ல.'

சித்தப்பா முதல் சின்னது வரை எல்லாரும் சிரித்துத் தள்ளினோம். நானும்தான். சிரித்த கையோடு இதைக் கதையாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தம்பி கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். 'பல்லு தெரியட்டும்' என்ற இரண்டு சொல்லில் பிழைப்பு நடத்துகிறான். உர்ரென்று உட்கார்ந்திருக்கும் மாமனார்கள்கூட அவன் கேமரா முன்னால் பல்லைக் காட்டிவிடுவார்கள். என் கதைகளுக்கு முதல் வாசகனும் அவன்தான். ஆனால் ஒரு கெட்ட பழக்கம், கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பான். "முடிவு தேறுமான்னு பாத்துட்டுதான்க்கா மேல போவேன்" என்பான். இதை நினைவில் வையுங்கள்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

'குரங்குகள் மனிதர்களிடம் பாசமாக இருக்கும் என்று நம்பியிருந்தாள் அவள்.' (வேண்டாம். முதல் வரியிலேயே அவளை ஏன் அசடாக்க வேண்டும்?)

'மலையுச்சியில் இதமான வெயில், மெல்லிய காற்று, ஆங்காங்கே' (வானிலை அறிக்கை. நிறுத்திவிட்டேன்.)

'ஒரு ஊரில் ஒரு குரங்கு' (போதும்.)

3

கடைசியில் இப்படி ஆரம்பித்தேன்: புகைப்படக்காரனுக்கு ஊரைப் பார்க்கத் தெரியாது. வெளிச்சத்தைத்தான் பார்ப்பான். உச்சியில் எல்லாரும் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்க, அவன் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒரு மஞ்சள் பலகையின் முன்னால் மனைவியை நிறுத்தினான். அவள் முகத்துக்கு அந்த மஞ்சள் அம்சமாகப் பொருந்தியது. பலகையில் ஏதோ எழுதியிருந்தது. பின்னணியில் இருப்பதைப் படிக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

அவள் கையில் பன் பொட்டலம் இருந்தது. பக்கத்துக் கம்பியில் குரங்கு.

"அது என்னையே பாக்குதுங்க."

"பாக்கட்டும். நீ என்னைப் பாரு. சிரி. பல்லு தெரியட்டும்."

சிரித்தாள். குரங்கும் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டியது.

"பாத்தியா, அதுகூட சிரிக்குது! அப்படியே இரு, அப்படியே இரு!"

அப்படியே இருந்தாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும். பதினான்கு படம் எடுத்தான். பதினைந்தாவதில் அது பாய்ந்தது. டீக்கடைக்காரர் ஓடி வந்து தூரமாக ஒரு வாழைப்பழத்தை வீச, பன்னோடும் பழத்தோடும் அது போய்விட்டது. கூலிங்கிளாஸ் தரையில் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். புகைப்படக்காரன் தலை குனிந்து, படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

[அடிக்குறிப்பு மாதிரி: குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிப்பு இல்லை. பயம், அல்லது மிரட்டல். நாம் திருப்பிக் காட்டினால் சண்டைக்கு வா என்று அழைத்ததாக எடுத்துக்கொள்ளும். இதை எழுதுவதற்காகத்தான் நானே தெரிந்துகொண்டேன்.]

4

இங்கே கதை நின்றது. காரணம், பலகை.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தம்பி போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. 'உணவைக் கையில் வைத்திருக்காதீர்கள். குரங்கின் கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள்.' மூன்றையும் செய்தபடி மூன்றுக்கும் முன்னால் நிற்கிறாள். கதையில் இப்படி எழுதினால், இது செட்டப் என்று நீங்களே சொல்வீர்கள்.

நான்காவது வரியை அவள் தலை மறைத்திருந்தது. பாதியில் விட மனசில்லை. இன்று காலை அவளுக்கே போன் போட்டேன். தம்பி கேமராவோடு வெளியே போயிருந்தான், அவள் விடுதி அறையில் இருந்தாள்.

"அந்தப் பலகையில நாலாவதா என்னம்மா எழுதியிருந்துது?"

யோசிக்கவே இல்லை. "கீறினாலோ கடிச்சாலோ, சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு இருந்துச்சு அண்ணி."

"அடேயப்பா, மனப்பாடமா சொல்ற!"

அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அவர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

கதைக்கு நல்ல தீனி கிடைக்கப்போகிறது என்ற ஆசையில், என்ன ஏதென்று கேட்காமல் சத்தியம் செய்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

5

(இந்தப் பகுதி கதை இல்லை. இதை நான் ஜோடிக்கவில்லை.)

"எங்க கீறிச்சு?"

"இடது கைல, முழங்கைக்குக் கீழ. சின்னதுதான் அண்ணி."

"ரத்தம் வந்துதா?"

"கொஞ்சம். ஈரத் துணியால தொடச்சிட்டு முழுக்கை சட்டை போட்டுக்கிட்டேன்."

கீறியது முந்தாநாள். நேற்று நாங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தபோது அந்தக் கை சட்டைக்குள் இருந்திருக்கிறது. "ஏம்மா அவன்கிட்ட சொல்லல?" என்று கத்தியேவிட்டேன்.

"அவர் சொல்லித்தானே சிரிச்சேன். தெரிஞ்சா இனிமே யாரையும் பாத்து சிரிங்கன்னு சொல்லுவாரா? அவருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் அண்ணி. ஊருக்கு வந்ததும் நானே போய் ஊசி போட்டுக்கிறேன்."

ஊருக்குத் திரும்ப இன்னும் நான்கு நாள். நான் மேலே பேசப் பேச அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டு நர்ஸிடம் ஓடினேன். சோற்றில் கை வைத்திருந்தவர் அப்படியே எழுந்துவிட்டார். "கீறி ரத்தம் வந்துச்சா? அதுவும் கடி மாதிரிதான்க்கா. அன்னைக்கே போயிருக்கணும். போகட்டும், இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, இன்னைக்கே போனா போதும். ஆனா ரேபிஸ், அதான் வெறிநோய், வந்து அறிகுறி தெரிய ஆரம்பிச்சப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

6

உங்களுக்காக நான் யோசித்து வைத்திருந்த முடிவுகள் இவை. ஒன்றில், அதே குரங்கு விடுதி ஜன்னலில் வந்து தம்பியின் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும். இன்னொன்றில், அந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்கும், மேடையில் எல்லாரும் சிரிக்க, அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். மூன்றாவதில் அவள்

இல்லை. மூன்றாவதை எழுத மாட்டேன்.

தம்பிக்கு ஐந்து முறை போன் போட்டேன். படம் எடுக்கும்போது எடுக்க மாட்டான். 'அவசரம்' என்று செய்தி அனுப்பினேன். கதைக்கு ஒரு சொல் பிடிபடவில்லை என்றாலும் அவசரம் என்று அனுப்புகிறவள் நான். என் அவசரத்துக்கு அவனிடம் என்ன மதிப்பு இருக்கும்? 'கதை முடிஞ்சுதா? அனுப்பு' என்று பதில் வந்தது. உடனே விஷயத்தை அடிக்க ஆரம்பித்தேன். 'நீ சிரிக்கச் சொன்னாயே' என்பதோடு விரல் நின்றுவிட்டது. அழித்தேன். மறுபடியும் அடித்தேன், அழித்தேன். அவன் கேட்டது கதை. கதை என்றால் எங்கிருந்து தொடங்குவான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று வழக்கம்போல் சொல்ல முடியாது. இது உங்கள் கையில் இல்லை. என் கையிலும் இல்லை. கடைசிப் பத்தியை ஒருவனுக்காக மட்டும் எழுதி, இப்போதே அனுப்புகிறேன்.

7

தம்பி, இன்றைக்கு மேலே போய்ப் படிக்காதே. இது மட்டும் போதும். கேமராவைக் கீழே வை. அறைக்குப் போ. அவள் இடது கைச் சட்டையை முழங்கை வரை மடித்துப் பார். யார் தப்பு என்று பிறகு உட்கார்ந்து அழலாம், நானும் கூட அழுகிறேன். அவள் ஒன்றுமில்லை என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நம்பாதே. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.