ஆறு சின்னக் கோடுகள்

விபத்தில் மேஸ்திரியின் மனைவிக்கு இடது கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. துணிக்கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவள். திங்கட்கிழமைக்குள் நேராக நிற்க முடிந்தால்தான் அந்த வேலை நிலைக்கும்.

அவளைச் சுவரோரம் நிறுத்தி, இடுப்பு மட்டமாகும்வரை இடது பாதத்தின் கீழ் ஓட்டுச் சில்லுகளை வைத்து, மேஸ்திரியே டேப்பால் அளந்தார். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி ஏதோ கொஞ்சம் இருந்தது. 'இரண்டு' என்று எழுதிக்கொண்டார். கட்டட வேலையில் சில்லறை முன்னே பின்னே இருந்தாலும் பூச்சில் சரியாகிவிடும். செருப்புக்காரரும் சீட்டில் எழுதியிருந்தபடி இடது ஷூவை உயர்த்திக் கொடுத்தார்.

"எப்படியிருக்கு?"

"மகாராணி மாதிரி இருக்குங்க."

ஆனால் மாலையானால் மகாராணி இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டாள். கேட்டால், "வயசாகலையா?" என்பாள்.

வெள்ளிக்கிழமை, மழையில் நனைந்த ஷூக்களைத் துடைக்க எடுத்தார். வலது ஷூவுக்குள் ஏதோ தடுத்தது. அவருடைய பழைய சட்டைத் துணி. பல மடிப்பாக மடித்து, பாத அளவுக்கு வெட்டித் தைத்திருந்தது.

"என்ன இது?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆசையா செஞ்சு குடுத்தீங்க. உயரம் ஜாஸ்தின்னு எப்படிச் சொல்றது? நேத்துதான் இதை வச்சுச் சமமாக்கினேன்."

"அதுக்காக இடுப்பை ஒடிச்சுக்குவியா?"

"கால் ஒடிஞ்சதே போதும். இடுப்பை எங்க ஒடிக்கிறது?"

துணியை அழுத்திப் பிடித்து டேப்பை வைத்தார். அது ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இத்தனை வருடம் கண்டுகொள்ளாத சின்னக் கோடுகளை எண்ணினார். ஆறு. இருபதில் ஆறு போனால் பதினாலு.

"பதினாலு மில்லிமீட்டர்," என்று செருப்புக்காரரிடம் ஷூவை நீட்டி, நடந்ததைச் சொன்னார்.

"செவுரு வாயைத் திறந்து சொல்லாது, சரி. தங்கச்சியுமா சொல்லல?"

"சொல்லலப்பா."

"அப்போ மில்லிமீட்டர்லதான் அளக்கணும், மேஸ்திரி," என்று செதுக்க உட்கார்ந்தார் அவர்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி தரையில் குந்தி மனைவியின் ஷூவுக்கு முடிச்சுப் போட்டார்.

"நட. எனக்காக எதுவும் சொல்லாத."

அவள் கூடத்தில் இரண்டு முறை போய் வந்தாள். "இடுப்பு வலியே இல்லைங்க. நாள் முழுக்க நிப்பேன்." கொஞ்சம் தயங்கினாள். "குதிகால்கிட்ட மட்டும் லேசா உறுத்துது."

"எவ்வளவு?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிக் காட்டினாள். "ஒரு மில்லி இருக்கும்."

அவள் குறை சொன்னதற்காக மேஸ்திரி மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். கடை திறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஷூவைக் கழற்றி வாங்கி, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.