புள்ளி விழாத வெட்டவெளி

எங்கள் அலுவலகமே அத்தை என்று அழைப்பது ஒரு யானையை. அவள் கிளம்பினால் மொத்தக் கூட்டமும் வாய் பேசாமல் பின்னால் கிளம்பும். அதனால் அந்தப் பெயர். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அவள் கழுத்தில் மாட்டிய ஜிபிஎஸ் பட்டை அவள் நிற்கும் இடத்தைச் சொல்லும், என் கணினி வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளிகள் மொய்க்கும் இடத்துக்குப் பச்சை தீட்டுவது என் வேலை. பச்சையில் யாரும் கை வைக்க முடியாது. வெள்ளையாக விட்ட இடத்தில் எவனும் வேலி போடலாம்.

வடக்குக் காட்டுக்கும் தெற்குக் காட்டுக்கும் நடுவே ஒரு வெட்டவெளி, குறுக்கே லாரிகள் ஓடும் சாலை. அங்கே வேலி போட ஒரு மின் நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. இத்தனை வருடப் புள்ளிகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

"புள்ளி இல்ல, யானை இல்ல. வெள்ளையா விட்டு அனுப்பும்மா," என்றார் மேலாளர். "அதுங்க கிழக்கு மலை மேல ஏறிச் சுத்திப் போகுது. அங்கதான் புள்ளி இருக்கே."

இருந்தது. ஆனாலும் எனக்கு மண்டையைக் குடைந்தது. மலையோ செங்குத்து. வெட்டவெளியில் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். குட்டிகளை இழுத்துக்கொண்டு மலையேற அத்தைக்கு என்ன தலையெழுத்து?

அன்று சாயங்காலம் சமையலறையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் எங்கே வருகிறார் என்று அதுவும் அவ்வப்போது புள்ளி வைத்துக் காட்டும். சந்தேகமெல்லாம் இல்லை, அடுப்பை எப்போது பற்றவைப்பது என்று தெரிய வேண்டாமா? பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு வழி. ஒன்று, நாய்கள் குடியிருக்கும் குறுக்குத்தெரு. இன்னொன்று கடைவீதியைச் சுற்றும் நீள வழி. பழைய புள்ளிகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைவீதியில் கொத்துக் கொத்தாக இருந்தன. குறுக்குத்தெருவில் ஒன்றுமே இல்லை.

மூச்சிரைக்க, ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் உள்ளே வந்தார்.

"ஏங்க, தினமும் கடைவீதியைச் சுத்தியா வர்றீங்க?"

"யாரு சொன்னா? நாய்த்தெரு வழியாத்தான் வர்றேன். ஏதாவது வாங்கணும்னாதான் கடைவீதி."

"அங்க உங்க புள்ளியே இல்லையே?"

"நின்னாத்தானே புள்ளி விழும்? அந்தக் கடன்காரப் பயலுங்க நிக்க விடுறானுங்களா? தெருமுனையில மூச்சைப் பிடிச்சா நம்ம வாசல்லதான் விடுவேன்."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு?"

"அத்தையை நினைச்சேன்."

"எங்க அத்தையா? எப்ப வர்றாங்க?" என்று பதறினார்.

மறுநாள் காலையில் மேலாளர் முன் நின்றேன். "சார், அத்தை அங்க ஓடுறா. பயந்து ஓடுற இடத்துல, ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னா எப்படிப் புள்ளி விழும்? பட்டையைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்ற மாதிரி மாத்துங்க."

"பேட்டரி கொஞ்ச நாள்ல செத்துடும்மா. வேற பட்டை மாட்ட இப்போதைக்கு வழியே இல்ல. அதுக்குள்ள அவ அந்தப் பக்கம் போகலைன்னா?"

"பழியை என் தலையில போடுங்க."

வாய்ச்சவடாலுக்குக் குறைச்சலில்லை. அவரும் பத்து நிமிடக் கணக்குக்கு ஒப்புக்கொண்டார். அத்தையோ தெற்குக் காட்டில் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தாள். பேட்டரி தேய்ந்துகொண்டே வந்தது. அனுமதி வரும் முன்பே வெட்டவெளியில் வேலிக் கம்பங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உள்ளதையும் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

பிறகு ஒரு காலை கணினியைத் திறந்தால், வெட்டவெளியின் குறுக்கே புள்ளிகள்! எட்ட எட்ட விழுந்த, அடித்துப் பிடித்து ஓடிய புள்ளிகள். வடக்குக் காட்டை எட்டியதும் அவை ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. அங்கே நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பச்சை அடிம்மா," என்றார். இருப்பதிலேயே அடர்ந்த பச்சையை எடுத்துத் தீட்டினேன். கம்பங்கள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின.

அந்த வாரமே பட்டை ஓய்ந்தது. தினமும் காலையில் முதல் வேலையாக அவளைத் தேடிப் பழகிய கண். திரையைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தை இனி எங்கே நிற்கிறாள், எங்கே ஓடுகிறாள் என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

சாயங்காலம் கைபேசியில் கணவரின் புள்ளி பேருந்து நிறுத்தத்தில் விழுந்தது. அடுத்த புள்ளிக்குக் காத்திருக்காமல் போய் வாசற்கதவைத் திறந்து வைத்தேன்.